ஒரு வீடு, நான்கு கணக்கு

சென்ற விடுமுறையில் மட்டாஞ்சேரியில் உள்ள எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் நடந்தது. தங்கைக்குச் செவிலியர் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. பத்து நாட்களுக்குள் ரூ. 75,000 கட்ட வேண்டும். கையில் அவ்வளவு பணம் இல்லை. ஆனால் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. வழிகள் நான்கு இருந்தன. தொல்லையே அதுதான்.

“இந்த மாதம் தொடங்கும் குறியை முதல் மாதமே எடுத்துவிடுகிறேன்” என்றார் அப்பா. “என் வளையலை வைக்கலாம். ஆனால் விற்கக் கூடாது” என்றாள் அம்மா. ஆச்சி ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய், பழஞ்சேலைத் துணியில் முடிந்த ஒரு சிறு மூட்டையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். நானோ, பாங்கில் கல்விக் கடன் கேட்போம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பென்சிலால் கணக்குப் போட்டு, குறியை முதல் மாதமே எடுப்பது ஆண்டுக்கு நூற்றுக்கு 23 வட்டிக்குக் கடன் வாங்குவதற்குச் சமம் என்று அப்பாவுக்குக் காட்டினேன். “கணக்குத் தெரியாதவர்கள் ஏமாறும் வழி இது” என்றும் சொல்லிவிட்டேன்.

அப்பா அந்தத் தாளைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அன்று இரவு அவர் வீட்டில் சாப்பிடவில்லை.

பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு வந்து அம்மா சொன்னாள்: “எய்யா, நீ எம்.எஸ்ஸி. சேந்தப்போ கட்டுன பணம் எங்கயிருந்து வந்துச்சுன்னு என்னைக்காவது கேட்டியா? அதுவும் உங்கப்பா மொத மாசமே தள்ளி எடுத்த குறிதான்.”

நான் போட்ட கணக்கில் தவறு இல்லை. ஆனால் அதில் நான் எழுதாமல் விட்டது ஒன்று இருந்தது. அது என்ன என்று அதன் பிறகு பல நாள் எண்ணிப் பார்த்தேன். விடுமுறைக்கு வீடு சென்று, பணத்தைப் பற்றிப் பெற்றோருடன் மனம் கசந்து திரும்பும் நண்பர்கள் நம் விடுதியில் இன்னும் சிலர் இருப்பார்கள் என்று நம்புகிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

குடும்பத்துக்கு ஒரே மனமா?

பொருளியல் நூல்கள் நெடுங்காலம் குடும்பத்தை ஒரே ஆளைப் போலக் கருதி வந்தன. குடும்பத்தின் வருவாய் இவ்வளவு, செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று எழுதிவிட்டால் போதும், அதற்குள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியதில்லை என்பது அந்த நோக்கு. அமர்த்தியா சென் 1990ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கட்டுரையில் இதனை மறுத்தார். குடும்பத்தில் உள்ளவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒத்துழைக்கிறார்கள். அதே வேளையில் முரண்படவும் செய்கிறார்கள். இரண்டும் ஒரே கூரையின் கீழ் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்றார் அவர். யாருடைய உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறதோ, குடும்பம் குலைந்தாலும் யாரால் தனித்து நிற்க முடியுமோ, அவருடைய சொல்லே பெரும்பாலும் எடுபடுகிறது என்பதும் அவர் காட்டிய உண்மை.

இன்னொரு பக்கம் உளநூல் அறிந்த பொருளியலார் வேறொன்றைக் கண்டனர். ஒரு ரூபாய் எங்கிருந்தாலும் ஒரு ரூபாய்தான் என்பது கணிதம். மனிதர் அவ்வாறு நடப்பதில்லை. கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்த பணத்தை மருந்துக்குத் தொடத் தயங்குகிறோம். ஒரு கையில் குறைந்த வட்டிக்குச் சேமிப்பை வைத்துக்கொண்டே, மறு கையால் கூடுதல் வட்டிக்குக் கடன் வாங்குகிறோம். பணத்தை இப்படி மனத்துக்குள்ளே தனித்தனிப் பானைகளில் போட்டு வைக்கும் பழக்கத்தை ரிச்சர்டு தேலர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1985 முதல் ஆராய்ந்து எழுதினார். 2017ஆம் ஆண்டில் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் வைத்த பெயரைத் தமிழில் ‘மனக்கணக்கு’ என்றே சொல்லிவிடலாம்.

ஒரு வீட்டில் நான்கு பேர் இருந்தால் மனக்கணக்கும் நான்கு. எங்கள் வீட்டு நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆச்சியின் கணக்கு: கைப்பணம்

எங்கள் தாத்தா 1950களின் தொடக்கத்தில் செங்கோட்டை வழியாக ரயிலேறி மலையைக் கடந்து, சுமை தூக்கும் வேலை தேடிக் கொச்சிக்கு வந்தவர். அந்நாளில் இத்துறைமுகத்தில் ‘சாப்பா’ என்றொரு முறை இருந்தது. காலையில் வேலைக்கென்று திரண்டு நிற்கும் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகளை வீசி எறிவார்கள். முண்டியடித்து அதைக் கைப்பற்றியவனுக்கு அன்றைக்கு வேலை உண்டு. மற்றவன் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். இந்த இழிவை எதிர்த்துத் தொழிலாளர் நடத்திய போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியில் போலீசார் துப்பாக்கியால் சுட்டனர். தொழிலாளர் உயிரிழந்தனர். பின்னர் அந்த முறை ஒழிந்தது. அந்த வரலாற்றை 2023இல் ‘துறமுகம்’ என்ற மலையாளத் திரைப்படம் மக்கள் முன் மறுபடியும் கொண்டுவந்தது.

ஆச்சி மணமாகி இங்கே வந்தபோது அந்தக் கதை பழங்கதை ஆகியிருக்கவில்லை. நாளைக்கு வேலை உண்டா என்பது தெரியாத வீட்டில் மாதக் கணக்கு என்பது ஏது? வருகிற நாளில் ஒரு கை எடுத்து வைத்தால்தான் வராத நாளில் அடுப்பு எரியும். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்களே, அதே முறையில்தான் ஆச்சி காசையும் எடுத்து வைத்தாள். தாத்தாவுக்குத் தெரியாது. தெரிந்தால் அது மிஞ்சியிராது. இரக்க மனம் உடைய அவர், கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடுவாராம்.

“பாங்கில் போட்டால் வட்டியாவது வருமே ஆச்சி” என்று சிறு வயதில் நான் அவளுக்குப் பாடம் சொன்னது உண்டு. “பாங்கு ஓடிப்போனா?” என்று கேட்பாள். அறியாமை என்று நான் சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை. 1906இல் சென்னையில் அர்பத்நாட் பாங்கு முறிந்தது. 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு முறிந்தது. 1960 ஆகஸ்டில் கேரளத்தின் பெரிய பாங்காக விளங்கிய பாலை சென்ட்ரல் பாங்கு மூடப்பட்டது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் வைப்புத் தொகைக்குக் காப்பீடு வேண்டும் என்ற எண்ணம் சட்டமாகி, 1962 சனவரியில் அதற்கென ஒரு கழகம் அமைந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு ரூ. 1,500 வரை காப்பு இருந்தது. 2020 முதல் அது ரூ. 5 லட்சம். ஆச்சியின் அச்சத்துக்கு வரலாறு இருக்கிறது. அந்த அச்சத்துக்கு மருந்தாக வந்த சட்டத்தை அவளுக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான் குறை.

2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அப்போது நான் பள்ளி மாணவன். இரண்டு நாள் ஆச்சி யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அரிசிப் பானையின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தாள். அத்தனையும் பாங்கில் மாறியது. ஒரு ரூபாயும் வீணாகவில்லை. ஆயினும் ஆச்சி பல நாள் முகம் வாடியே இருந்தாள். பணம் போனதற்காக அன்று. தன்னிடம் பணம் இருக்கிறது என்பது வீட்டாருக்குத் தெரிந்துபோனதற்காக. கேளாமல் கொடுக்கவும், சொல்லாமல் செலவு செய்யவும் அவளுக்கு இருந்த ஒரே உரிமை அந்தப் பொட்டலத்தில் இருந்தது.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. அவ்வாண்டில் நாடெங்கும் அஞ்சறைப் பெட்டிகளிலிருந்தும் சேலை மடிப்புகளிலிருந்தும் பெண்களின் மறைவுப் பணம் வெளியே வந்தது. கடல் கடந்தும் இதே நிலைதான். அமெரிக்கக் குடும்பங்களில் 1870 முதல் 1930 வரை பணம் எவ்வாறு பங்கிடப்பட்டது என்று ஆராய்ந்த விவியானா செலைசர் என்னும் அம்மையார், கணவனிடம் கேட்டுப் பெறுவதற்கு நாணி, வீட்டுச் செலவிலிருந்து சிறுகச் சிறுக எடுத்து ஒளித்து வைத்த மனைவியரைப் பற்றி 1994இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

அப்பாவின் கணக்கு: குறி

தமிழ்நாட்டில் சீட்டு என்பதைக் கொச்சியில் குறி என்பார்கள். திருவிதாங்கூர்ப் பகுதியில் சிட்டி என்பார்கள். இது மலையாள நாட்டில் வேரூன்றிய முறை. கேரள அரசே இதை நடத்துவதற்கென 1969ஆம் ஆண்டில் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு நிறுவனத்தை நிறுவியது. சீட்டுகளைப் பதிவு செய்து நடத்த வேண்டும் என்பதற்கு 1982ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருக்கிறது. நடத்துபவரின் கழிவு நூற்றுக்கு 5க்கு மேல் போகக் கூடாது என்றிருந்ததை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 7 ஆக உயர்த்தியது.

அப்பா சேர்ந்திருக்கும் குறியில் 20 பேர். மாதம் ஆளுக்கு ரூ. 5,000. இருபது மாதம். எனவே மாதந்தோறும் திரளும் தொகை ரூ. 1,00,000. அந்தத் தொகை அந்த மாதம் யாருக்கு என்பது ஏலத்தில் முடிவாகும். அவசரம் உள்ளவர் எவ்வளவு தள்ளி எடுக்கச் சம்மதிக்கிறார் என்பதே ஏலம். ஒருவர் ரூ. 25,000 தள்ளினால் அவர் கைக்கு வருவது ரூ. 75,000. தள்ளிய இருபத்தையாயிரத்தில் நடத்துபவருக்கு ரூ. 5,000 போக, மீதி ரூ. 20,000ஐ இருபது பேருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு ரூ. 1,000. ஆகவே அந்த மாதம் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது ரூ. 4,000தான். மாதம் செல்லச் செல்ல அவசரக்காரர்கள் எடுத்து முடித்துவிடுவார்கள், தள்ளும் தொகை குறையும், பகிர்வும் குறையும். கடைசி மாதத்தில் போட்டியே இராது. அந்தக் கடைசி ஆள் நடத்துபவரின் ரூ. 5,000 மட்டும் கழித்து ரூ. 95,000 பெறுவார்.

பகிர்வு மாதந்தோறும் ஒரே சீராகக் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், இருபது மாதத்தில் ஒவ்வொருவரும் கட்டும் மொத்தம் ரூ. 90,000. முதல் மாதம் எடுத்தவர் ரூ. 75,000 வாங்கி ரூ. 90,000 கட்டுகிறார். தவணை முறையைக் கணக்கில் கொண்டால் இது மாதம் நூற்றுக்கு ஏறக்குறைய 2 வட்டி. கடைசியில் எடுத்தவர் ரூ. 90,000 கட்டி ரூ. 95,000 பெறுகிறார். இது ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 7 வட்டி. ஒரே குறிதான்; ஒருவருக்கு அது கடன், இன்னொருவருக்குச் சேமிப்பு. எதுவாக ஆகும் என்பதை ஒருவருடைய அவசரம் முடிவு செய்கிறது.

நாட்காட்டித் தாளில் நான் காட்டியது இதில் முதல் பாதி மட்டுமே. ஆனால் அப்பாவின் கணக்கில் வட்டிக்கு அப்பாலும் இரண்டு வரிகள் உண்டு.

முதலாவது, கட்டாயம். மிளகு, சுக்குக் கிடங்கில் எடை போடும் வேலை அவருடையது. யூதத் தெருவில் 1957இல் தொடங்கிய மிளகு வாணிகச் சங்கத்தில் முன்பேர வாணிகம் கூவிக் கூவி நடந்த நாட்களை அவர் பார்த்தவர். ஒரு பருவத்தில் உயர்ந்தவர் மறு பருவத்தில் தாழ்ந்ததையும் பார்த்தவர். விலை ஏறும் இறங்கும் எதிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. தம் கையிலும் நம்பிக்கை இல்லை. “கையில இருந்தா நிக்காது. ஞாயித்துக்கிழமை இருபது பேர் முன்னால வைக்கணும்னு இருந்தா தானா நிக்கும்” என்பார். தாத்தாவின் கை எவ்வளவு தாராளமான கை என்பதை அவர் அறிவார்.

இரண்டாவது, மதிப்பு. வாடகை வீட்டில் இருக்கும், சொந்த நிலம் இல்லாத ஒரு கிடங்குத் தொழிலாளியைப் பாங்கின் படிவம் அறியாது. குறியில் இருக்கும் இருபது பேரும் அறிவார்கள். அவர்களுள் ஒரு குஜராத்திக் கடைக் கணக்கரும், ஒரு கொங்கணித் தையற்காரரும், வேளி சலவைத் துறையில் வேலை செய்யும் நம் தமிழர் சிலரும் உண்டு. பிழைக்க வந்த ஊரில் ‘இவன் சொன்ன நாளில் கட்டுவான்’ என்று இருபது பேர் சொல்லும் பெயர், சொத்து இல்லாதவனின் சொத்து. அவர் கட்டிய அதிக வட்டியில் ஒரு பகுதி அந்தப் பெயருக்கான விலை. நான் ‘ஏமாறும் வழி’ என்று சொன்னபோது அவருடைய கணக்கை அன்று, அவருடைய பெயரையே குறைத்துப் பேசினேன்.

அம்மாவின் கணக்கு: நகை

ஆச்சி பணத்தை மறைத்தாள். அம்மா அதை அணிந்துகொண்டாள். நகைக்கு உள்ள சிறப்பு இதுதான்: எல்லார் கண்ணிலும் படும், ஆனாலும் அவளைக் கேளாமல் யாரும் கழற்ற முடியாது.

சட்டமும் அம்மாவின் பக்கமே நிற்கிறது. மணத்தின்போது பெண்ணுக்கு வந்த நகை அவளுடைய தனிச் சொத்து, கணவனுக்கு அதில் பங்கு இல்லை என்று 1985ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியது. ஆனால் வழக்கம் வேறு. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கைப் பாருங்கள். மணமகளுடைய 89 பவுன் நகையையும் முதல் இரவிலேயே கணவன் ‘பாதுகாப்புக்காக’ என்று வாங்கித் தன் தாயிடம் கொடுத்துவிட்டான். அந்த நகை பழைய கடன்களுக்குப் போயிற்று. அப்பெண் வழக்காடினாள். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவளுக்கு ரூ. 25 லட்சம் கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. இடுக்கண் வந்தபோது கணவன் அந்த நகையைப் பயன்படுத்தலாம். ஆனால் திருப்பிக் கொடுக்கும் கடமை அவனுக்கு உண்டு என்றும் கூறியது. திருமணம் நடந்தது 2003இல். தீர்ப்பு வந்தது இருபத்தோராம் ஆண்டில்.

நல்லெண்ணம் உள்ள வீட்டிலும் இந்த முரண் எழும் என்பதற்குக் காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’யே சான்று. 1901இல் தென்னாப்பிரிக்காவை விட்டு இந்தியாவுக்குப் புறப்பட்டபோது அங்குள்ள இந்தியர் அவருக்குப் பொன்னும் வைரமும் பரிசாகத் தந்தனர். அவற்றுள் கஸ்தூரிபாவுக்கென்று தந்த 50 கினி மதிப்புள்ள கழுத்தணியும் ஒன்று. பொதுத் தொண்டுக்குப் பரிசு வாங்கலாகாது என்று எண்ணிய காந்தியடிகள், எல்லாவற்றையும் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுக்க முடிவு செய்தார். கஸ்தூரிபா இசையவில்லை. நாளை வரப்போகும் மருமகள்களுக்கு என்ன செய்வது என்று கேட்டார். என் தொண்டுக்காகத் தந்ததுதானே என்று கணவர் சொன்னதற்கு, இரவும் பகலும் உங்களுக்காகவும் வந்தவர்க்காகவும் நான் உழைத்த உழைப்பு தொண்டு ஆகாதா என்று கேட்டார். நகைகள் அறக்கட்டளைக்கே போயின. மனைவியின் இசைவை எப்படியோ வலிந்து பெற்றதாகக் காந்தியடிகளே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அறத்தில் யார் பக்கம் சரி என்று நாம் வாதிடலாம். ஆனால் கஸ்தூரிபா எழுப்பிய கேள்வி நகையைப் பற்றியது மட்டும் அன்று; யாருடைய உழைப்பு உழைப்பாக எண்ணப்படுகிறது என்பதைப் பற்றியது. அமர்த்தியா சென் பின்னாளில் எழுதியதும் அதைத்தான்.

தங்கத்தின் மீதுள்ள இந்தப் பற்றை அரசு மாற்ற முயன்றதும் உண்டு. 1963இல் புதிய நகைகள் 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்தது. 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1990இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. பெண்ணின் கையில் தனக்கென்று வேறு சொத்து இல்லாத வரையில், நகையை விடு என்று சொல்வது குடையைப் பறித்துக்கொண்டு மழையில் நட என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆனால் பூட்டி வைத்த தங்கம் வளராது என்பதும் உண்மை. இதற்கும் கொச்சியிலேயே ஒரு கதை உண்டு. சோரனூரிலிருந்து எறணாகுளம் வரை ரயில் பாதை போடப் பணம் போதாதபோது, மன்னர் ராமவர்மா திருப்பூணித்துறைக் கோயிலின் பதினைந்து பொன் நெற்றிப்பட்டங்களுள் பதினான்கை விற்றார் என்று கொச்சி மக்கள் இன்றும் சொல்வார்கள். 1902இல் அந்தப் பாதையில் ரயில் ஓடியது. யானையின் நெற்றியில் ஆண்டுக்குச் சில நாள் மின்னிய பொன், ஒரு நாட்டின் வாணிகத்தையே நடத்தத் தொடங்கியது. அம்மாவின் வளையலும் தங்கையின் படிப்பாக மாறலாம். ஆனால் மாற்றுவது யார் என்பதே கேள்வி. எடுத்துக் கொடுக்கும் கை அவளுடையதாக இருக்க வேண்டும்.

என் கணக்கு: வட்டி

நான்காவது கணக்கு என்னுடையது. நான் படித்தவன், உதவித்தொகை மாதந்தோறும் என் பெயரில் பாங்கில் வந்து விழுகிறது. நாளை வருமா என்ற ஐயம் எனக்கு இருந்ததே இல்லை. யாரிடமும் கேட்டு வாங்க வேண்டிய நிலையும் இல்லை. என் பெயரை இருபது பேர் காப்பாற்ற வேண்டியதும் இல்லை. ஆகவே எனக்குப் பணம் என்பது எண். எண்ணை எண்ணால் ஒப்பிட்டால் போதும். இதைப் பகுத்தறிவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பகுத்தறிவு மட்டுமன்று. வசதியும்கூட என்பதை அன்று இரவுதான் உணர்ந்தேன். அந்த வசதியை எனக்கு வாங்கிக் கொடுத்தது அப்பா தள்ளி எடுத்த குறி.

ஆக, நான் எழுதாமல் விட்டது இதுதான். ஒவ்வொருவரும் பணத்தை வைக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு பழைய அச்சம் இருக்கிறது. அந்த இடத்தில் இருக்கும் வரை அதைத் தொட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்ற உரிமையும் இருக்கிறது. ‘எவ்வளவு?’ என்பதற்காகக் குடும்பங்கள் சண்டையிடுவது குறைவு. ‘யாரைக் கேட்டு?’ என்பதற்காகவே மிகுதியாகச் சண்டையிடுகின்றன. ஆச்சியின் கைப்பணம், அப்பாவின் குறி, அம்மாவின் வளையல் ஆகிய மூன்றும் அந்த ஒரே கேள்விக்கு மூன்று விடைகள்.

இப்படிச் சொல்வதால் வட்டிக் கணக்கு வேண்டாம் என்று பொருள் அன்று. நூற்றுக்கு 23 வட்டி, அன்பினால் 10 ஆகிவிடாது. பதிவு இல்லாத சீட்டில் போட்ட பணம் பாசத்தினால் திரும்பி வராது. கணக்கு வேண்டும், ஆனால் கணக்கு இரண்டாவதாக வர வேண்டும். எதற்கு அஞ்சி இதை இங்கே வைத்தீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். அந்த அச்சத்தைக் கெடுக்காமல் வட்டியைக் குறைக்க வழி உண்டா என்று பிறகு பார்க்க வேண்டும்.

நாங்கள் செய்தது

மறுநாள் காலையில் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “கணக்கு சரிதாம்ல. நீ சொன்ன வார்த்தைதான் சரியில்ல” என்றார். பிறகு நால்வரும் அதே இடத்தில் உட்கார்ந்தோம். இந்த முறை பென்சிலை அம்மா வாங்கிக்கொண்டாள்.

கல்விக் கடனுக்கு நாட்கள் போதவில்லை. எனவே வளையலைப் பாங்கில் வைத்து ரூ. 75,000 எடுப்பது என்று முடிவாயிற்று. கடன் அம்மாவின் பெயரில். சீட்டும் அவள் கையில். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்பதரை. அப்பா குறியை விடவில்லை. ஆனால் முதலில் எடுக்காமல் கடைசி வரை பொறுத்திருப்பது என்றார். அவர் எண்ணியபடி நடந்தால் இருபதாம் மாதம் ரூ. 95,000 வரும். ரூ. 75,000 கடனுக்கு இருபது மாத வட்டி ரூ. 11,875. இரண்டும் சேர்ந்து ரூ. 86,875. வளையலை மீட்ட பிறகும் ஏறக்குறைய எட்டாயிரம் ரூபாய் மிஞ்சும். குறியை முதல் மாதமே எடுத்திருந்தால் அப்பா கட்டும் தவணைகள் அதேதான், மிச்சம் இராது. நகைக்கடனை ஓராண்டு முடிவில் வட்டி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்த ரூ. 7,125ஐ என் உதவித்தொகையிலிருந்து நான் கட்டுவதாக ஒப்புக்கொண்டேன்.

ஆச்சியின் மூட்டையில் ரூ. 6,400 இருந்தது. அது தங்கையின் சீருடைக்கும் புத்தகத்துக்கும் ஆயிற்று. மீதம் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அம்மா கண்ணாலேயே சொல்லிவிட்டாள்.

திருவள்ளுவர் பொருள் செயல்வகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஈட்டியதைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் நன்றியில் செல்வத்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். மூன்றையும் ஒரே நூலில் வைத்தார். ஒரு வீட்டிலும் அவ்வாறே ஈட்டுபவர், கொடுப்பவர், காப்பவர் என்று பலரும் இருப்பார்கள். ஒருவரைப் போல் எல்லாரும் ஆக வேண்டும் என்று கேட்பது வீண்.

அப்பா இப்போதும் ஞாயிற்றுக்கிழமைதோறும் குறி நடக்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார். எடுக்கும் மாதம் இன்னும் வரவில்லை. அவசரம் வந்தால் நடுவிலேயே தள்ளி எடுக்க நேரலாம். அப்போது மேலே சொன்ன கணக்கு முழுதும் மாறிவிடும். அம்மாவின் இரண்டு கைகளிலும் இப்போது கண்ணாடி வளையல்தான். சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபோது, “அந்த வட்டிய மறந்துராத எய்யா” என்றாள். மறக்கவில்லை. என் மேசை நாட்காட்டியில், பாங்குக்குப் பணம் கட்ட வேண்டிய நாளைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.